லாஸ் ஏஞ்சல்ஸில் கலையும் பண்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், படிக்க வந்திருக்கும் மாணவர்கள், ஒரு வாரம் விடுப்பெடுத்து வரும் குடும்பங்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. சினிமா ஸ்டூடியோக்களையும் தீம் பார்க்குகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே ஓவியம், சிற்பம், கட்டடம், சுவரோவியம், கொஞ்சம் இசை. கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முந்தின இரவு அந்தந்த அருங்காட்சியகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

முழுதாக நான்கு நாள் இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம். இரண்டே நாள் என்றாலும் பரவாயில்லை, ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். இந்த ஊரில் திட்டம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: காலையில் மேற்கே மலைமேல் உள்ள கெட்டி சென்டர் அருங்காட்சியகம், மதியம் வடகிழக்கே பசடீனா, மாலையில் ஹாலிவுட் என்று பட்டியல் போடுவது. கெட்டிக்கும் பசடீனாவுக்கும் நடுவே தூரம் 25 மைலை ஒட்டித்தான். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் 405, 101 நெடுஞ்சாலைகளில் வண்டிகள் ஊர ஆரம்பித்தால் அந்தத் தூரமே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள், ஐந்து மணிக்கு மூடும் இடங்களே அதிகம்.

பகுதிகள் இப்படிப் பிரியும். டவுன்டவுனில் கிராண்ட் அவென்யூவைச் சுற்றி (பிராட், மோக்கா என்ற சமகாலக் கலை அருங்காட்சியகங்களும் டிஸ்னி கான்சர்ட் ஹாலும்) ஒரு நாள். வில்ஷயர் சாலையில் லாக்மா எனப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகமும், சினிமாவுக்கான அகாடமி மியூசியமும் ஒரு நாள். மேற்கே கெட்டி சென்டரும் வெஸ்ட்வுட்டில் உள்ள ஹாமர், ஃபௌலர் அருங்காட்சியகங்களும் ஒரு நாள். பசடீனாவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம், பக்கத்து ஊரான சான் மரினோவில் ஓவியக் கூடமும் நூலகமும் தோட்டமும் சேர்ந்த ஹன்டிங்டன் இரண்டும் சேர்த்து ஒரு நாள். ஒரே ஆள் கையால் எழுப்பிய கோபுரங்களான வாட்ஸ் டவர்ஸுக்கு அரை நாள் போதும், அதை டவுன்டவுன் நாளோடு சேர்ப்பது வசதி.

எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும்?

திங்கட்கிழமை கெட்டி சென்டர், பிராட், மோக்கா, ஹாமர், கிரிஃபித் வானாய்வகம் எல்லாமே விடுமுறை. செவ்வாயன்று ஹன்டிங்டன், அகாடமி மியூசியம், கெட்டியின் இன்னொரு அருங்காட்சியகமான கெட்டி வில்லா. புதனன்று லாக்மா. நார்ட்டன் சைமன் செவ்வாய், புதன் இரண்டு நாளும் மூடியிருக்கும். மற்ற நாள்களிலும் பகல் 12 மணிக்குத்தான் திறப்பார்கள், காலை பத்து மணிக்குப் போய்க் கதவருகே நிற்க வேண்டாம்.

ஆக, திங்களன்று கையில் நாள் இருந்தால் லாக்மாவுக்கோ ஹன்டிங்டனுக்கோ போங்கள். செவ்வாய் கெட்டி சென்டருக்கு நல்ல நாள், வார இறுதிக் கூட்டம் இருக்காது. கெட்டி வில்லா 2025 ஜனவரி பாலிசேட்ஸ் காட்டுத்தீக்குப் பிறகு அதே ஆண்டு ஜூனில் குறைந்த நாள்களோடுதான் மறுபடி திறந்தது. அங்கே போவதானால் கிழமையை மட்டும் நம்பாமல் தேதியைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

"நுழைவு இலவசம்" என்று போட்டிருக்கிறதே, உண்மையிலேயே செலவே ஆகாதா?

ஓவியத்துக்கு ஆகாது, காருக்கு ஆகும். கெட்டி சென்டரில் நுழைவு யாருக்கும் இலவசம், ஆனால் வாகன நிறுத்தம் 25 டாலர். பிற்பகல் 3 மணிக்கு மேல் 15, மாலை 6 மணிக்கு மேல் 10. கட்டணம் காருக்குத்தான், தலைக்கு அல்ல. ஐந்து பேர் ஒரே காரில் போனால் ஆளுக்கு ஐந்து டாலர்தான், தனியாகப் போகிறவருக்குத்தான் கனமாகத் தெரியும்.

பிராட், மோக்கா, ஹாமர், ஃபௌலர் எல்லாவற்றிலும் பொது நுழைவு இலவசம். எக்ஸ்போசிஷன் பார்க்கில் உள்ள கலிஃபோர்னியா ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகமும் அப்படியே. இலவசம் என்றாலும் பிராடுக்கும் கெட்டிக்கும் நேரம் குறித்த முன்பதிவுச் சீட்டு வேண்டும். வார நாளில் கடைசி நேரத்திலும் கிடைத்துவிடும். சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை நாள்களில் கிடைக்காமல் போகலாம்.

கட்டணம் வாங்குகிற இடங்களிலும் வழிகள் உண்டு. நார்ட்டன் சைமனில் பெரியவர்களுக்கு 20 டாலர், 62 வயதுக்கு மேல் 15, மாணவர்களுக்கும் 18 வயது வரையிலானவர்களுக்கும் இலவசம். மாணவர் என்றால் அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி மாலை 4 முதல் 7 வரை அங்கே எல்லோருக்கும் இலவசம், கார் நிறுத்த எந்த நாளிலும் காசில்லை. ஹன்டிங்டனில் மாதத்தின் முதல் வியாழன் இலவச நாள், ஆனால் சீட்டை முந்தைய மாதமே இணையத்தில் எடுத்திருக்க வேண்டும், வாசலில் கிடைக்காது. லாக்மாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் குடியிருப்பவர்களுக்கு வார நாள்களில் பிற்பகல் 3 மணிக்கு மேல் இலவசம். மகனோ மகளோ இங்கே குடியிருந்தால் அவர்கள் முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், விருந்தாளிக்கு அந்தச் சலுகை இல்லை.

கார் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். மெட்ரோவின் ஏ லைன் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே இந்த ஊரின் கலையில் பாதியைப் பார்த்துவிடலாம். தெற்கே வாட்ஸ் டவர்ஸ், நடுவே கிராண்ட் அவென்யூ, லிட்டில் டோக்கியோ, யூனியன் ஸ்டேஷன், வடகிழக்கே பசடீனா, எல்லாம் அதே தடத்தில்தான் இருக்கின்றன. 2023 ஜூனில் டவுன்டவுன் சுரங்கப் பாதை திறந்த பிறகு வண்டி மாறவும் தேவையில்லை.

மெட்ரோவில் பயணக் கட்டணம் செலுத்தும் டேப் கார்டு 2 டாலர். ஒரு பயணம் 1.75 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் வேறு ரயிலுக்கோ பேருந்துக்கோ மாறினால் மறுபடி பிடிக்கமாட்டார்கள். ஒரு நாளில் 5 டாலருக்கு மேல் கழியாது. ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒரே கார்டை நான்கு பேர் தட்ட முடியாது.

இறங்க வேண்டிய நிலையங்கள்: பிராடுக்கும் டிஸ்னி ஹாலுக்கும் கிராண்ட் அவென்யூ ஆர்ட்ஸ் / பங்கர் ஹில். வாட்ஸுக்கு 103-ஆம் தெரு நிலையம், அங்கிருந்து பத்து நிமிட நடை. நார்ட்டன் சைமனுக்கு மெமோரியல் பார்க்கில் இறங்கி கொலராடோ சாலையில் மேற்கே ஒரு மைல் நடக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்த ஒரு மைல் பெரியவர்களுக்குச் சிரமம், வாடகைக் கார் பிடித்துவிடுங்கள். லாக்மாவுக்கு வில்ஷயர் சாலையில் ஓடும் 20, 720 பேருந்துகள். கெட்டி சென்டருக்கு 761 பேருந்து அடிவாரத்திலேயே நிற்கும். ஹன்டிங்டனுக்கு மட்டும் கார் இல்லாமல் போவது வீண் அலைச்சல்.

கிராண்ட் அவென்யூவில் ஒரு நாளை எப்படிச் செலவிடுவது?

காலை பிராடில் தொடங்குங்கள். டில்லர் ஸ்கோஃபிடியோ ரென்ஃப்ரோ நிறுவனம் வடிவமைத்து 2015-ல் திறந்த கட்டடம், வெளியே தேன்கூடுபோல் துளைகளிட்ட வெள்ளைப் போர்வை. நீண்ட எஸ்கலேட்டரில் நேரே மூன்றாம் தளத்துக்குப் போங்கள், பெரும்பான்மையான படைப்புகள் அங்கேதான். இறங்கும்போது படிக்கட்டிலேயே வாருங்கள். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் வழியாக, காட்சிக்கு வைக்காத ஓவியங்கள் அடுக்கியிருக்கும் கிடங்கைப் பார்க்கலாம். லிஃப்டில் இறங்குபவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

பிராடில் ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைதான் எல்லோரும் கேட்பது. முடிவில்லாமல் விளக்குகள் மிதப்பதுபோன்ற அந்த அறைக்குள் ஒருவரோ இருவரோதான் போக முடியும், ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சீட்டு எடுக்கும்போதே குசாமா அறையும் சேர்ந்ததா என்று பாருங்கள், பொதுச்சீட்டில் அது வராது. உள்ளே போனதும் முதல் இருபது வினாடி போனைக் கீழே வைத்திருங்கள். கண் இருட்டுக்குப் பழகினால்தான் தூரத்து விளக்குகள் தெரியும்.

அடுத்தது டிஸ்னி கான்சர்ட் ஹால். ஃபிராங்க் கெரி வடிவமைத்தது, 2003-ல் திறந்தது. வளைந்த எவர்சில்வர் தகடுகள்தான் கட்டடத்தின் தோல். சில தகடுகள் முதலில் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருந்தன. வெயில் குவிந்து எதிர்க் குடியிருப்புகளும் நடைபாதையும் சூடேறின. 2005-ல் அந்தப் பகுதிகளை மட்டும் உப்புத்தாள் வேலைபோலத் தேய்த்து மங்கலாக்கினார்கள். கட்டடத்தைச் சுற்றி மேலே ஒரு தோட்டப் பாதை போகிறது, காசில்லாமல் நடக்கலாம், தகடுகளை ஒரு கை தூரத்தில் பார்க்கலாம். கச்சேரி ஒத்திகை இருந்தால் அரங்கத்துக்குள் விடமாட்டார்கள். அரங்கம் பார்க்க ஒரே உறுதியான வழி கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவது.

எதிர்ப்பக்கம் மோக்கா, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் அராடா இசொசாகி வடிவமைத்து 1986-ல் திறந்தது. நவீன ஓவியம் பிடிக்கும் என்றால் ஒரு மணி நேரம், இல்லையென்றால் தாண்டிப் போகலாம். பிறகு ஏஞ்சல்ஸ் ஃபிளைட் என்ற சிறிய மலை ரயிலில் கீழே இறங்கினால் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட், மதியச் சாப்பாடு அங்கே. மார்க்கெட்டின் மறுவாசல் வழியாக பிராட்வேயில் வெளியே வந்தால் எதிரே 1893-ல் கட்டிய பிராட்பரி கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அலுவலகம். உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள்: கண்ணாடிக் கூரை, வார்ப்பிரும்புக் கைப்பிடிகள், கூண்டு லிஃப்ட்கள். மேல் தளங்களில் இன்றும் அலுவலகங்கள் நடப்பதால் பார்வையாளர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

கால் இன்னும் ஒத்துழைத்தால் மத்திய நூலகம். 1926-ஆம் ஆண்டுக் கட்டடம். மாடி வட்ட மண்டபத்தில் டீன் கார்ன்வெல் வரைந்த பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் இல்லை, உட்கார நாற்காலியும் கழிப்பறையும் உண்டு. டவுன்டவுனில் அந்தக் கடைசி இரண்டின் அருமை போய்ப் பார்த்தால் தெரியும்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இங்கே எங்கே இருக்கின்றன?

முதலில் நார்ட்டன் சைமன். தொழிலதிபர் சைமன் 1971-ல் நடிகை ஜெனிஃபர் ஜோன்ஸை மணந்து இருவரும் இந்தியா போய்வந்த பிறகு அவருடைய ஆர்வம் ஐரோப்பிய ஓவியத்திலிருந்து ஆசியச் சிற்பம் பக்கம் திரும்பியது. மேல்தளத்தில் ரெம்பிராண்டும் தெகாவும் இருக்க, படியிறங்கினால் தென்னிந்திய, தென்கிழக்காசியச் சிற்பங்கள். பலர் மேல்தளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கீழ்த்தளத்தில் தொடங்குங்கள்.

இரண்டாவது லாக்மா. அங்குள்ள நடராசர் பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று அருங்காட்சியகம் குறிப்பிடுகிறது. அந்த வடிவத்தின் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. லாக்மாவில் எல்லாப் பொருளும் எப்போதும் காட்சியில் இருக்காது. தளத்தில் உள்ள சேகரிப்புத் தேடலில் தமிழ்நாடு என்று ஆங்கிலத்தில் தட்டி, இப்போது காட்சியில் இருப்பவை என்ற வடிகட்டியைப் போட்டால் எது எந்தக் கூடத்தில் என்று வந்துவிடும். இதைச் செய்யாமல் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு.

கோயிலிலேயே பார்த்துவிட்டோமே, அருங்காட்சியகத்தில் புதிதாக என்ன தெரியும்?

கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டு, மாலை, கவசம் எல்லாம் சாத்திய நிலையில், முன்னாலிருந்து, சில அடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். இங்கே முழு உடலும் தெரிகிறது, பல திருமேனிகளைச் சுற்றிவரவும் முடிகிறது. அதனால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தலையின் பின்னால் சிரசக்கரம், அதன் கீழே தோளில் விழும் சடையோ சுருள்முடியோ, முதுகுத்தண்டின் மெல்லிய பள்ளம், இடுப்பு ஆடையின் முடிச்சு. பக்தர் கண்ணுக்கு ஒருபோதும் படாத இந்தப் பக்கத்தையும் ஸ்தபதி முன்பக்கத்துக்குக் காட்டிய அதே கவனத்தோடு செய்திருக்கிறார்.

அடுத்து பீடம். பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ இருக்கும், உலா போகும்போது தண்டு கோத்துத் தூக்குவதற்காக. பிறகு முகம். மூக்கும் உதடும் மழுங்கி, கண் கோடுகள் மங்கியிருந்தால் அது நெடுங்காலம் அபிஷேகம் கண்ட திருமேனி. முகம் மழுங்கியும் இடுப்புக்குக் கீழே அணிகலன் வேலை கூர்மையாக இருப்பதைச் சிலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பச்சை படிந்திருந்தால் மண்ணுக்கடியில் கிடந்த காலத்தின் அடையாளம். படையெடுப்பு வந்தபோது திருமேனிகளைப் புதைத்துக் காத்த ஊர்கள் பல.

செய்முறை மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது. சுவாமிமலையில் இன்றும் இதே முறைதான். சோழர் திருமேனிகள் உள்ளே குழிவில்லாத கனவார்ப்பு. இரண்டு மூன்று அடி உயரமுள்ள சிலையை நகர்த்தவே ஏன் தண்டும் பல தோள்களும் தேவைப்பட்டன என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒரு திருமேனிக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஒரே நாளில் இருபது கூடங்களை ஓடிப் பார்ப்பதைவிட அது எத்தனையோ மடங்கு மேல்.

இவையெல்லாம் திருடப்பட்டவையா?

எல்லாம் அல்ல, ஆனால் கேள்வி நியாயமானது. இதே நார்ட்டன் சைமனோடு தொடர்புடைய சிவபுரம் நடராசர் வழக்கை ஒவ்வொரு தமிழரும் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சை மாவட்டம் சிவபுரத்தில் 1951-ல் நிலத்தடியில் கிடைத்த திருமேனி அது. செப்பனிட அனுப்பியபோது அசல் மாற்றப்பட்டு, கோயிலுக்கு நகல் திரும்பி வந்தது. அசல் பல கைமாறி, 1973-ல் சுமார் 9 லட்சம் டாலருக்கு சைமனின் நிறுவனத்திடம் போனது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-ல் உடன்பாடு ஏற்பட்டு, பத்தாண்டு அமெரிக்காவில் இருந்தபின் 1986-ல் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

பெயர்ப் பலகையின் கடைசி வரியைப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் எந்த ஆண்டு, யார் வழியாக வந்தது என்பது அங்கேயோ இணையப் பக்கத்தில் அதன் வரலாறு என்ற பகுதியிலோ இருக்கும். இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமில்லை. கெட்டி 2007-ல் இத்தாலியோடு உடன்பாடு செய்து 40 பொருள்களைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கெட்டி வில்லாவில் உள்ள வெற்றி இளைஞன் என்ற கிரேக்க வெண்கலச் சிலைக்கு இத்தாலி இன்றும் உரிமை கோருகிறது.

கெட்டி சென்டரா, கெட்டி வில்லாவா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

முதல் முறை என்றால் சென்டர். வில்லா பண்டைய கிரேக்க, ரோமானியப் பொருள்களுக்கானது. வெசுவியஸ் எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியத்து மாளிகை ஒன்றை மாதிரியாக வைத்து 1974-ல் கட்டியது. வரலாறு பிடித்தவர்களுக்கு அது விருந்து.

சென்டர் ரிச்சர்ட் மெயர் வடிவமைத்து 1997 டிசம்பரில் திறந்தது. அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு டிராமில் ஏற வேண்டும். இறங்கியதும் ஓவியக் கூடத்துக்கு ஓடாதீர்கள், சுவர்களைப் பாருங்கள். இத்தாலியிலிருந்து கொண்டுவந்த டிராவர்டைன் கல், அறுக்காமல் இயல்பான படிவுக் கோட்டிலேயே பிளந்தது. அதனால் ஆங்காங்கே இலைகளின் கல்பதிவுகள் அப்படியே தெரியும். குழந்தைகளிடம் இலையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

ஓவியக் கூடங்களின் மேல்தளங்களில் கூரை வழியாகப் பகல் வெளிச்சம் இறங்குகிறது, ஆகவே ஓவியத்துக்குக் காலையோ முற்பகலோ நல்லது. வான்கோவின் ஐரிஸ் மலர்கள் 1889-ல் வரைந்தது, அதன்முன் எப்போதும் கூட்டம். திறந்தவுடன் நேரே அங்கே போனால் பத்து நிமிடம் நிம்மதியாக நிற்கலாம். ராபர்ட் இர்வின் அமைத்த நடுத்தோட்டத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓடையின் சத்தம் கற்களின் அடுக்குக்கேற்ப மாறுவதைக் கேட்டுக்கொண்டே சாய்வுப் பாதையில் இறங்கலாம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள்.

லாக்மாவில் டிக்கெட் எடுக்காமல் என்ன பார்க்கலாம்?

கிறிஸ் பர்டனின் அர்பன் லைட் வில்ஷயர் ஓரத்திலேயே இருக்கிறது: 1920, 30-களின் தெருவிளக்குக் கம்பங்கள் 202, வரிசை வரிசையாக. பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரத்தில் போங்கள். பின்பக்கம் மைக்கேல் ஹைசரின் 340 டன் பாறை, அதன் அடியில் வெட்டிய பாதையில் நடக்கலாம். பக்கத்துப் பூங்காவில் லா பிரேயா தார்க் குளங்கள், பனிக்கால விலங்குகள் சிக்கி மாண்ட இடம், இன்றும் குமிழி விடுகிறது. மூன்றுக்கும் காசில்லை.

வாட்ஸ் டவர்ஸ் போகலாமா? பாதுகாப்பான இடமா?

பகலில் போங்கள், தாராளமாகப் போகலாம். காரில் பையோ லேப்டாப்போ வெளியே தெரியும்படி வைக்காதீர்கள், இது இந்த ஊரின் எல்லாப் பகுதிக்கும் பொருந்தும். பார்க்காமல் திரும்பினால்தான் நட்டம். எங்கள் கணக்கில் இந்த நகரத்தின் மிகப் பெரிய கலைப்படைப்பு இதுதான்.

சைமன் ரோடியா இத்தாலியிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர், ஓடு பதிப்பவர். 1921 முதல் 1954 வரை, பகலில் கூலி வேலை முடித்துவிட்டு, தன் வீட்டு மனையில் தனியொரு ஆளாக 17 அமைப்புகளை எழுப்பினார். உயரமான கோபுரம் 30 மீட்டரை ஒட்டி வரும். வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை, சாரமும் இல்லை. இரும்புக் கம்பிகளை அருகிலிருந்த ரயில் தண்டவாளத்தில் கொடுத்து வளைத்து, ஒன்றோடொன்று கம்பிவலையால் சுற்றிக் கட்டி, மேலே கையாலேயே சிமென்ட் கலவை பூசினார். கட்டி முடித்த பகுதியின் மேலேயே ஏறி நின்று அடுத்த பகுதியைக் கட்டினார்.

கலவை ஈரமாக இருக்கும்போது பதித்தவை ஏராளம்: உடைந்த பீங்கான், ஓட்டுச் சில்லு, கடற்சிப்பி, பச்சை சோடா பாட்டில்களின் அடிப்பாகம். மதில் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், சுத்தியல் போன்ற அவருடைய கருவிகளை அழுத்தி எடுத்த தடங்கள் இருக்கும். 1955-ல் மனையை அக்கம்பக்கத்தவருக்கே கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. இடிக்க மாநகரம் உத்தரவிட்டபோது ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், 1959-ல் இழுவைச் சோதனை நடந்தது. 10,000 பவுண்டு விசை கொடுத்து இழுத்தும் கோபுரம் நின்றது, சோதனைக் கருவிதான் வளைந்தது. இடிப்பு உத்தரவு போயிற்று.

வேலிக்கு வெளியிலிருந்தே கோபுரங்கள் முழுமையாகத் தெரியும். உள்ளே வழிகாட்டியோடு மட்டும், சில நாள்களில் மட்டும். பராமரிப்பு வேலை நடந்தால் உள்ளே விடமாட்டார்கள், அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

சுவரோவியங்களில் எவற்றை அவசியம் பார்க்க வேண்டும்?

மூன்று. அவற்றை ஒரு வரிசையில் பார்த்தால் இந்த ஊரின் இன்னொரு வரலாறு கிடைக்கும்.

முதலாவது யூனியன் ஸ்டேஷன் எதிரே ஓல்வேரா தெருவில். மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் 1932-ல் வரைந்த அமெரிக்கா ட்ராபிகல். பசுமையான வெப்பமண்டலக் காட்சியை எதிர்பார்த்துக் கேட்டவர்களுக்கு அவர் சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதனை வரைந்து கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் வெள்ளையடித்து மறைத்தார்கள். கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் மாநகரமும் சேர்ந்து மீட்டு, 2012-ல் பார்வைக்குத் திறந்தன. வண்ணம் மங்கித்தான் இருக்கும். இருப்பதை நிலைப்படுத்தினார்களே தவிர புதிதாக எதையும் தீட்டவில்லை, அதுவே சரி. பகல் வேளையில் மட்டும் திறந்திருக்கும், கட்டணமில்லை.

இரண்டாவது எக்ஸ்போசிஷன் பார்க்கில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புதிய முன்பகுதியில், டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். பார்பரா கராஸ்கோ 1981-ல் வரைந்த லாஸ் ஏஞ்சல்ஸ் வரலாறு. கூந்தலில் ஊரின் கதைகளை ஏந்திய ஒரு பெண். பணிகொடுத்த நகர மறுமேம்பாட்டு அமைப்பு சில காட்சிகளை நீக்கச் சொன்னது, அவர் மறுத்தார். நீக்கச் சொன்னவற்றில் சிகெய்ரோஸ் ஓவியத்துக்கு வெள்ளையடித்த காட்சியும் ஒன்று. அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறோம்.

மூன்றாவது நகரின் வடக்கே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், டுஹங்கா வெள்ளக்கால்வாயின் கான்கிரீட் சுவரில் சுமார் அரை மைல் நீளமுள்ள கிரேட் வால் ஆஃப் லாஸ் ஏஞ்சல்ஸ். ஜூடி பாக்காவின் தலைமையில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் 1970-களின் நடுவிலிருந்து 1984 வரை கோடை கோடையாக வரைந்தது. எதிர்க்கரைப் பாதையில் நடந்துகொண்டே பார்க்கலாம். நிழல் குறைவு, காலையில் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறோம். எது ஒத்துவரும்?

ஹன்டிங்டன். ஓவியம் அலுத்தால் தோட்டம், தோட்டம் அலுத்தால், காட்சியில் இருந்தால், அச்சுக்கலையின் தொடக்ககால நூலான குட்டன்பர்க் பைபிள். ஆளுக்கு 30 டாலரை ஒட்டி ஆகும், வார இறுதியில் கொஞ்சம் கூடும். தோட்டம் மிகப் பெரிது, எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் சீனத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், கள்ளிச்செடித் தோட்டம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கள்ளித் தோட்டத்தை வெயிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கட்டுச்சோறு உள்ளே சாப்பிட அனுமதியில்லை.

சின்னக் குழந்தைகள்?

பிராடில் ராபர்ட் தெரியனின் ராட்சத மேசை நாற்காலி, அடியில் நடக்கலாம். தார்க் குளங்கள். கிரிஃபித் வானாய்வகம் இலவசம், கோளரங்கக் காட்சிக்கு மட்டும் டிக்கெட்.

உள்ளே போட்டோ எடுக்கலாமா? பைகள்?

நிரந்தரச் சேகரிப்பைப் பெரும்பாலும் எடுக்கலாம். ஃபிளாஷ், டிரைபாட், செல்ஃபி குச்சி கூடாது. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள் அல்லது பாதுகாப்பறையில் வைக்கச் சொல்வார்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனாவைத் தடுக்கிற இடங்கள் உண்டு. திருமேனி முன்னால் கைகூப்பி நிற்க எந்தத் தடையும் இல்லை. தொடக்கூடாது, கற்பூரம் பூ எதுவும் கூடாது.

தெருவில் கார் நிறுத்தினால் ஃபைன் வருகிறதே, எப்படித் தப்புவது?

ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பலகைகள் இருக்கும். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் படியுங்கள், எல்லாமே ஒருசேரப் பொருந்த வேண்டும். மீட்டரில் காசு போட்டிருந்தாலும், பெரிய சாலைகளில் மாலை 4 முதல் 7 வரை நிறுத்தக்கூடாது என்று பலகை இருந்தால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். தெருச் சுத்தம் செய்யும் நேரம் தெருவுக்குத் தெரு வேறு. அதில் மாட்டினால் எழுபது டாலருக்கு மேல். ஓரக்கல்லின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பில் நிற்கவே கூடாது, வெள்ளையில் ஆள் ஏற்றி இறக்கலாம், மஞ்சள் சரக்குக்கு, பச்சையில் சில நிமிடம் மட்டும், நீலம் மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களுக்கு. சரிவான தெருவில் முன்சக்கரத்தைத் திருப்பி வைக்காவிட்டாலும் அபராதம்.

ஹாலிவுட் பவுலில் கச்சேரி கேட்கப் போகலாமா?

கோடையில் வந்தால் அவசியம். 1922 முதல் இயங்கும் திறந்தவெளி அரங்கம், 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக் கச்சேரிகளில் மேல்வரிசை பெஞ்சுகள் மலிவு, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அங்கே ரொம்பப் பொருத்தம். பெஞ்சு மரம், ஆகவே தலையணை ஒன்று. இரவு குளிரும், ஸ்வெட்டர் அவசியம். அரங்கத்தின் நிறுத்துமிடத்தில் காரை விடாதீர்கள். வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள், முன்வண்டிக்காரர் வரும்வரை நீங்கள் நகர முடியாது. பி லைன் ரயிலில் ஹாலிவுட் / ஹைலேண்டில் இறங்கி இருபது நிமிடம் ஏறி நடங்கள், அல்லது ஷட்டில் பேருந்து.

விமானம் மாற ஆறேழு மணி நேரம் இருக்கிறது. எதையாவது பார்க்க முடியுமா?

கெட்டி சென்டர்தான் பக்கம், சாதாரணமாக அரை மணி நேரத்தில் போகலாம். காலை நேரமாக இருந்து, பெட்டி விமானத்திலேயே தொடர்ந்து போவதாக இருந்தால் மட்டும் முயலுங்கள். பெரிய பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் குடியேற்ற வரிசைக்கு ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போதே மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தரையிறங்கினால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள், அந்த நேரத்து 405 யாருடைய விமானத்துக்கும் காத்திருக்காது.